விற்காமல் ஓய்வு பெறலாமா? மூன்று ஆதனங்களும் ஒரு வாடகைக் கணக்கும்

உங்கள் கேள்வியின் சாரம் இது. வயது 47, தனியார் நிறுவனத்தில் வேலை. ஹட்டன் நகரில் இரண்டு மாடிக் கடைக் கட்டடம் ஒன்று, பண்டாரவளையில் ஒரு வீடு, கொட்டகலைப் பக்கம் 30 பேர்ச் வெறுங்காணி. மூன்றும் சேர்ந்து இன்றைய விலைக்கு 7 கோடி ரூபா பெறும் என்கிறீர்கள். 50 வயதில் வேலையை விட வேண்டும், ஆனால் ஒரு பேர்ச்சைக்கூட விற்கக் கூடாது. வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுவதுபோல ஆதனத்தை வங்கியில் ஈடு வைத்து, அந்தப் பணத்திலேயே காலத்தை ஓட்டிவிடலாமா? கடைசியில், எல்லாவற்றையும் இப்போதே மகளின் பெயருக்கு எழுதிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விற்காமல் ஓய்வு பெறலாம். ஆனால் கடன் வாங்கிச் சாப்பிட்டு இந்த நாட்டில் ஓய்வு பெற முடியாது. வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

விற்கக் கூடாது என்ற உங்கள் பிடிவாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் அரசிடம் போன தோட்டங்கள், 1992இல் கம்பனிகளின் கைக்கு மாறின. இவ்வளவு கை மாறியும், அங்கே உழைத்தவர்களின் பெயரில் ஓர் உறுதி எழுதப்படவில்லை. லயத்தில் பிறந்து நகரத்தில் கடை வாங்கிய ஒருவருக்குக் காணி என்பது முதலீட்டுக்கும் மேலான ஒன்று. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த உணர்ச்சி வட்டி கட்டாது.

முதலில் அந்தக் காணொளிக் கதையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அது ஏன் நடக்கிறது? 2020, 2021 காலத்தில் அங்கே 30 ஆண்டுக்கு வட்டி மாறாத வீட்டுக் கடன் சுமார் 3 வீதத்துக்குக் கிடைத்தது. வீட்டின் விலை அதைவிட வேகமாக ஏறினால், கடன் எடுத்துச் செலவழித்தாலும் மிஞ்சும் பெறுமதி குறையாது. கடனாக வந்த பணம் வருமானம் ஆகாததால் அதற்கு வரியும் இல்லை. உரிமையாளர் இறந்தபின் பிள்ளைகள் விற்றால், ஆதாய வரியை இறந்த நாளின் விலையிலிருந்துதான் கணக்கிடுவார்கள். பழைய ஆதாயம் முழுவதும் வரியில்லாமலே கரைந்துவிடும். பிரித்தானியாவில் 55 வயதுக்கு மேற்பட்டோருக்கு, இறக்கும்வரை தவணையே கட்டத் தேவையில்லாத ஈட்டுக் கடன் உண்டு. இந்தியாவிலும் 2007 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கு அதே சாயலில் ஒரு திட்டம் இருக்கிறது, அதிகம் பேர் நாடவில்லை என்றாலும். நம் ஊர் வங்கிக் கிளைக்குப் போய் இப்படி ஒன்று கேட்டால், மேலாளர் உங்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைப்பார்.

இங்கே வட்டி வேறு, வாடகை வேறு, வங்கியின் மனமும் வேறு. உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். கீழ்க்கடை 85,000, மேல்மாடி 40,000, பண்டாரவளை வீடு 45,000. மாதம் 170,000, வருடம் 2,040,000 ரூபா. 7 கோடிக்கு இது 3 வீதம்கூட வரவில்லை. ஈட்டுக் கடனின் வட்டியைக் கணக்குக்காக 12 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 வீதம் தரும் பொருளை வைத்து 12 வீதத்துக்குக் கடன் வாங்கி, அதைச் சாப்பாட்டுக்குச் செலவழிப்பது எங்கே போய் முடியும்? மாதம் 70,000 ரூபாவைக் கடனாக எடுத்துக்கொண்டே போனால், வட்டியும் மேலே ஏறி, 10 ஆண்டு முடிவில் கடன் 1 கோடி 61 இலட்சம் ஆகிறது. நீங்கள் கையில் வாங்கியது 84 இலட்சம்தான். 15 ஆண்டில் அது ஏறக்குறைய 3 கோடி 50 இலட்சம். அதாவது 50இல் தொடங்கினால் 65 வயதில் பாதி ஆதனம் வங்கியுடையது. விற்க மாட்டேன் என்று தொடங்கியவர் வேறு வழியில் விற்று முடித்திருப்பார்.

இந்த 12 வீதமும் நிலையாக நிற்காது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த ஆண்டு முடிவதற்குள், வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளர்களிடம் வாங்கும் முதன்மைக் கடன் வீதமே 25 ஐத் தாண்டியது. 1 கோடி ரூபா கடனுக்கு 10 வீதத்தில் மாத வட்டி 83,000 சொச்சம். 27 வீதத்தில் அதே கடனுக்கு 225,000. சம்பளம் இருந்தவர்களே அந்த ஆண்டில் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வங்கிக்கு ஓடி வந்தார்கள். சம்பளம் இல்லாதவர் எங்கே ஓடுவது? தவணை நின்றால், பராட்டே சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி ஏலம் போடலாம்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. வங்கி உங்கள் காணியைப் பார்த்துக் கடன் தருவதில்லை. மாத வருமானத்தையும், வயதையும், கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையையும் பார்த்துத்தான் தருகிறது. காணி பின்னால் நிற்கும் பிணை மட்டுமே. அதையும் நீங்கள் சொல்லும் சந்தை விலைக்கு எடுக்காமல், அவசரமாக விற்றால் கிடைக்கும் கட்டாய விற்பனைப் பெறுமதிக்குக் குறைத்தே மதிப்பிடுவார்கள். தவணைக் காலத்தை 60, 65 வயதைத் தாண்ட விட மாட்டார்கள். ஆகவே 7 கோடிச் சொத்து வைத்திருந்தும், வேலையை விட்ட மறுமாதம் 20 இலட்சம் கேட்டால் கை விரிப்பார்கள். எதற்காகவாவது கடன் எடுக்க வேண்டியிருந்தால், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே எடுத்து, வேலையை விடும் முன்பே முடித்துவிட வேண்டும்.

வங்கி கை விரித்த பின்பு மக்கள் தேடிப் போகும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தொகை வாங்கிக்கொண்டு வீட்டை ஒற்றிக்குக் கொடுப்பது நம் பழைய வழக்கம். வட்டிக்குப் பதிலாக அவர் குடியிருப்பார், தொகையைத் திருப்பினால் வீடு திரும்பும். பணம் எங்கே போயிற்று என்று தெரியாமல் போனவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்வார்கள். தனியாரிடம் வட்டிக்கு வாங்கும்போது ஈட்டுறுதிக்குப் பதிலாக அறுதி உறுதி, அதாவது காணியை முழுதாக விற்றுவிட்டதாக உறுதி, எழுதித் தரச் சொல்வது அதைவிடப் பெரிய பொறி. ‘பணத்தைக் கொடுத்தால் திருப்பி எழுதித் தருகிறேன்’ என்று வாயால் சொல்வார்கள். காணிப் பதிவகத்தில் வாய் பேசாது.

இனி உருப்படியான வழிக்கு வருவோம். வாடகைதான் உங்கள் ஓய்வூதியம். ஆனால் கைக்கு வரும் வாடகையும் கைக்குள் நிற்கும் வாடகையும் ஒன்றல்ல. 2,040,000இல், வருடத்துக்கு ஒரு மாதம் ஏதோ ஒன்று காலியாகக் கிடக்கும் என்று 170,000 கழியுங்கள். பழுதுபார்ப்புக்குப் பத்தில் ஒரு பங்கு, 204,000. மதிப்பீட்டு வரி, காப்புறுதி, கணக்காளர் எல்லாம் சேர்த்து 66,000. மிச்சம் 16 இலட்சம், மாதத்துக்கு 133,000. உங்கள் வீட்டுச் செலவு 2 இலட்சம் என்றீர்கள். பள்ளம் ஏறக்குறைய 67,000.

பழுதுபார்ப்புக்குப் பத்தில் ஒரு பங்கா என்று நினைக்காதீர்கள். ஹட்டனில் பழைய கடைக் கட்டடங்களின் பின்பக்கத்தைப் போய்ப் பாருங்கள். மலையை வெட்டி, வெட்டிய மண்ணுக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவு சந்து விட்டிருப்பார்கள். ஜூன் மழை தொடங்கினால் அந்தச் சந்துதான் வாய்க்கால். தாங்குசுவரில் தண்ணீர் வடிய விட்ட குழாய்களை யாரோ கிழிந்த சாக்கால் அடைத்திருப்பார்கள், கடைக்குள் நீர் தெறிக்கிறது என்று. இரண்டு பருவத்தில் சுவர் வயிறு தள்ளும். கீழ்க்கடையின் பின் அறையில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு பூத்து உதிரும். வாடகைக்காரர் அதைக் காட்டித்தான் அடுத்த ஒப்பந்தத்தில் விலை பேசுவார். பண்டாரவளைப் பக்கம் தென்மேற்கு மழை அவ்வளவு இல்லை, அங்கே ஒக்டோபருக்குப் பின்னர்தான் பெருமழை. ஆகவே ஆண்டு முழுவதும் ஏதோ ஓர் ஆதனம் உங்களிடம் பணம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததைப் பார்த்தோம். அதன்பின் மலைச்சரிவு ஆதனம் ஒன்றின் பெறுமதியைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் பேசுவது வீண். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, மண்சரிவு அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே வாசித்துப் பாருங்கள். தீயை மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பத்திரங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த 67,000 பள்ளத்தை எப்படி நிரப்புவது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மூன்றாவது மாடி. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 85 இலட்சம் போட்டு ஒரு மாடி எழுப்பி 45,000 வாடகை வந்தால், போட்ட பணத்துக்கு வருமானம் 6 வீதம் சொச்சம், கடன் வட்டியில் பாதி. அத்திவாரம் தாங்குமா, நகர சபை அனுமதி கிடைக்குமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பண்டாரவளை வீட்டுக்கு வெளியால் ஒரு படிக்கட்டு வைத்து, மேல் இரண்டு அறையை ஒரு சமையல் மேடையும் குளியலறையும் தனி மின்மானியும் கொண்ட பகுதியாகப் பிரிக்க 12 இலட்சம் ஆகிறது என்று வையுங்கள். மாதம் 20,000 வந்தால் அது 20 வீதம். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஆஸ்பத்திரித் தாதியர்கள் என்று இடமாற்றத்தில் வருபவர்கள் இத்தகைய சிறு பகுதிகளைத்தான் தேடுகிறார்கள். அதே கூரை, அதே காணி.

அந்த வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாமே என்று உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லவில் கிடைக்கும் வாடகையைக் கேட்டால் யாருக்கும் நாக்கு ஊறும். ஆனால் மலையகத்தின் ஏப்ரல் சீசன் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 2020இல் ஊரடங்கு, 2022இல் எரிபொருள் வரிசை. நான்கு ஏப்ரலில் மூன்று போயிற்று. சம்பளம் உள்ளவருக்கு அது நட்டம், அதையே நம்பி வேலையை விட்டவருக்குப் பட்டினி. ஓர் ஆதனத்தின் ஒரு பகுதியை அப்படி நடத்துங்கள், கிடைப்பதை மேல்வருமானமாக வைத்துக்கொள்ளுங்கள். மாதச் செலவுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

கொட்டகலைக் காணி இன்று ஒரு சதமும் தராமல் படுத்திருக்கிறது. 30 பேர்ச் பெரும் வீதிக்கு அருகே என்றால், லொறி நிறுத்த, மரக்கறி சேகரிக்க, வாகனம் கழுவ என்று கேட்டு வருவார்கள். கம்பி வேலியும் கொஞ்சம் கல்லும் போட்டால் போதும். அந்த வழியில் ஒரு 20,000 வந்தால், பண்டாரவளைப் பகுதியோடு சேர்த்து 40,000. அதற்கு முன் உறுதியைப் பாருங்கள். அது முழு உரிமையுள்ள சின்னக்கரக் காணியா, அரசு அளிப்புப் பத்திரமா? அளிப்புப் பத்திரம் என்றால் விற்கவும் ஈடு வைக்கவும் நிபந்தனைகள் இருக்கும். அதை 7 கோடிக் கணக்கில் சேர்த்ததே தவறாகிவிடும்.

கீழ்க்கடையை நல்ல நிறுவனம் ஒன்றுக்கு நீண்ட குத்தகைக்கு விட்டால் முற்பணமும் கிடைக்கும். பெரிய தொகை கைக்கு வந்ததும் அதை வருமானமாக நினைப்பவர்கள் உண்டு. ஒன்றில் மாத வாடகையிலிருந்து அது கழியும், அல்லது கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை நிலையான வைப்பில் போட்டு வட்டியை மட்டும் எடுங்கள். ஒரே நிறுவனத்தில் 11 இலட்சம் வரைக்குமே வைப்புக் காப்புறுதி உண்டு, ஆகவே பிரித்துப் போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதுங்கள். எழுதாமல் கை குலுக்கி விட்ட கடைகளில்தான் பின்னால் வழக்கு வளர்கிறது. முறையாக எழுதிய குத்தகைக்கு, காலம் முடிந்தபின் இடத்தை மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் விரைவான வழி ஒன்றைத் தருகிறது. உங்கள் கட்டடம் மிகப் பழையது என்றால், 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதைத் தொடுகிறதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். அந்தச் சட்டத்துக்குள் மாட்டிய வாடகைக்காரரை எழுப்புவது உங்கள் ஓய்வுக்காலத்தையே தின்றுவிடும். வாடகை உயர்வையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது, ஐந்தாண்டுக்கு ஒரே வாடகை என்று எழுதியவர்கள் தங்கள் கடையை ஏறக்குறையச் சும்மா கொடுத்த கணக்கு.

வரிப் பக்கம் உங்களுக்குச் சாதகம் ஒன்று இருக்கிறது. இன்று வாடகை உங்கள் சம்பளத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால் மேல்படி வீதத்தில் வரி போகிறது. சம்பளம் நின்றால் அதே வாடகை கீழ்ப்படிக்கு இறங்கும். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம். வாடகை வருமானத்தில் 25 வீதம் பழுதுபார்ப்புக்காகக் கழிக்கலாம். காலி மாதம் போக வரும் 1,870,000உடன் புதிய 480,000ஐச் சேர்த்தால் 2,350,000. 25 வீதம் கழித்தால் 1,762,500. விலக்குக்குள் மயிரிழையில் நிற்கிறது. வைப்பு வட்டி சேர்ந்து சற்றுத் தாண்டினாலும், முதல் படியில் 6 வீதம்தான். மாதம் 1 இலட்சத்துக்கு மேல் வாடகை தரும் நிறுவனம் 10 வீதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு தந்தால், அதற்கான சான்றிதழை வாங்கி உள்நாட்டு இறைவரியில் மீளக் கேட்கலாம். பலர் அந்தத் தாளை வாங்குவதே இல்லை.

40,000 நிரம்பினால் மீதிப் பள்ளம் சுமார் 27,000, கைக்காவலுக்கு 30,000 என்று வைப்போம். இதற்கு ஒரு கரை இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதில் எடுக்கலாம், பெண்களுக்கு 50. நீங்கள் 50இல் வேலையை விட்டால், அந்தப் பணம் வரும்வரை 60 மாதங்கள் தாண்ட வேண்டும். 60 மாதத்துக்கு 30,000 வீதம் 18 இலட்சம். இன்றிலிருந்து 50 வயதுவரை 36 மாதங்கள். மாதம் 50,000 ஒதுக்கினால் அதே 18 இலட்சம். பண்டாரவளைப் பகுதிக்கு 12 இலட்சம் கடன் எடுத்து மூன்று ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 40,000. ஆக இந்த மூன்று ஆண்டும் மாதம் 90,000 ஒதுக்க வேண்டும். சம்பளமும் வாடகையும் இரண்டும் வரும் காலத்தில் இது முடிய வேண்டிய காரியம். இதை மூன்று ஆண்டு செய்ய முடியாத வீடு, சம்பளம் நின்றபின் 2 இலட்சத்தில் ஓடாது. ஓய்வுக்கான ஒத்திகையாகவே இதை வைத்துக்கொள்ளுங்கள்.

55இல் வரும் சேமலாப நிதியைத் தயவுசெய்து நாலாவது காணியில் போடாதீர்கள். திறைசேரி உண்டியலும் வைப்புமாக வையுங்கள். உங்களிடம் காணி போதும், காசுதான் குறைவு. நிறுவனத்தின் மருத்துவக் காப்புறுதியும் வேலையோடு போய்விடும். அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, உண்மைதான். ஆனால் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்த் தனியாரிடம் ஒரு சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தால், அந்தச் செலவுக்காகத்தான் பெரும்பாலானோர் முதல் காணியை விற்கிறார்கள். 47 வயதில் காப்புறுதி எடுப்பது 52இல் எடுப்பதைவிட மலிவு.

மகளுக்கு எழுதும் விஷயம். இப்போது வேண்டாம். எழுதியே ஆக வேண்டும் என்றால், நன்கொடை உறுதியில் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுங்கள். இருவரில் கடைசியாக இருப்பவர் உயிரோடு இருக்கும்வரை வாடகை உங்கள் வீட்டுக்கே வரும். உங்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டு மனைவியை மறந்துவிடும் உறுதிகள் நிறைய உண்டு. கணவர் போனபின் அந்த அம்மா பிள்ளையிடம் கை நீட்ட வேண்டியிருக்கும். ரத்துச் செய்ய முடியாது என்று எழுதிய நன்கொடையைப் பிறகு மாற்ற வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றம் வரை போக வேண்டும். நன்கொடை உறுதியில் வந்த காணியை ஈடாக ஏற்க வங்கிகளும் தயங்கும். ஆகவே அவசரத்துக்கு மகளாலும் அதில் கடன் எடுக்க முடியாமல் போகலாம். மூன்றில் ஒன்றை, கொட்டகலைக் காணியை வேண்டுமானால், அவள் திருமணத்தின்போது கொடுங்கள். ஹட்டன் கட்டடம் உங்கள் இருவர் பெயரிலேயே இருக்கட்டும்.